பத்து நிமிஷத்தில் என்ன ராகம் வாசிக்க முடியும்?

காவேரிக்கரையான் | ஞாயிறு, இரவு 9:40

போன மாசம் கும்பகோணத்தில் மச்சினர் மகள் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. நல்ல செட்டு வந்திருந்தது. ரெண்டு நாகசுரம், ரெண்டு தவில், தாளத்துக்கு ஒரு பையன். ஆதார சுருதிக்காக ஒத்து ஊதுகிறவர் உட்கார வேண்டிய இடத்தில் சுருதிப் பெட்டி. பெரியவருக்கு என் வயசு இருக்கும். சின்ன டப்பாவிலிருந்து ஒரு சீவாளியை, நாகசுரத்தின் ஊதுவாயை, எடுத்து வாயில் ஊறப்போட்டார், குச்சியால் அதன் வாயை லேசாகத் திறந்து பார்த்தார், சரிப்படவில்லை போல, வேறொன்றை எடுத்தார். அதற்குள் தவில்காரர் விரல்களில் கூடு மாட்டி முடித்துவிட்டார். இவர் மட்டும் அவசரப்படவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது, ஆள் சாமானியர் இல்லை என்று.

கேதாரகௌளை ராகம் எடுத்தார். மேல் ரிஷபம் என்கிற ஸ்வரத்துக்குப் போய் நின்றார். இறங்கலாமா, இன்னும் கொஞ்சம் இங்கேயே இருக்கலாமா என்று யோசிக்கிற மாதிரி ஒரு நிற்பு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த நேரம் பார்த்து கேமராக்காரப் பையன் ஓடிவந்தான். "அண்ணே, கொஞ்சம் நிறுத்திக்குங்க, செண்டை என்ட்ரி எடுக்கணும்." வாசலில் கேரளத்துச் செண்டை மேளக்காரர்கள் பன்னிரண்டு பேர் ஒரே மாதிரி கரை வேட்டியில் தயாராக நிற்கிறார்கள். பெரியவர் முகத்தில் கோபம்கூட இல்லை. சீவாளியைக் கழற்றித் துடைத்து டப்பாவில் போட்டுவிட்டு, நாகசுரத்தைச் சுவரில் சாய்த்தார். ரிஷபம் அங்கேயே நிற்கிறது. இன்னும் இறங்கவில்லை, என் காதில்.

நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாசிக்கத் தெரியாது, கேட்கத் தெரியும். நாகசுரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை 1956லேயே போய்விட்டார், நான் பிறக்கவே இல்லை. காருகுறிச்சி அருணாசலம் 1964ல் போனபோது எனக்கு ஏழு வயசு. அப்பா சொன்னதுதான் மிச்சம். ஆனால் ஷேக் சின்ன மௌலானாவைப் பல தடவை நேரில் கேட்டிருக்கிறேன். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனையும் கேட்டிருக்கிறேன். வலையப்பட்டி தவிலுக்காக சைக்கிளில் இருபது மைல் போயிருக்கிறேன். அப்போதெல்லாம் எங்கள் ஊரில் சாமி புறப்பாடு என்றால் ஒரு வீதியைத் தாண்ட ஒரு மணி நேரம் ஆகும். புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி முடிந்து, தேரடி மூலையில் சாமியை இறக்கி வைத்துவிடுவார்கள். பெட்ரோமாக்ஸ் காரர்களும் விளக்கைக் கீழே வைத்துவிட்டு உட்காருவார்கள். பிறகுதான் ராகம். தோடியா, சண்முகப்ரியாவா, அது வித்துவான் இஷ்டம். எப்போது முடிப்பது என்பதும் அவர் இஷ்டம். சாமியே காத்திருக்கும்.

இப்போது எல்லாரும் சொல்கிற புகார்: "நாகசுரக்காரங்க சினிமாப் பாட்டுதான் வாசிக்கிறாங்க, ராகம் வாசிக்க ஆளே இல்லை." நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆள் இருக்கிறார்கள். மூச்சும் இருக்கிறது. நாம் நேரம் கொடுப்பதில்லை. பத்து நிமிஷம் கொடுத்தால் மனுஷன் என்ன செய்வான்? எல்லாருக்கும் தெரிந்த பாட்டின் பல்லவியை ஊதிவிட்டுப் போவான். காசு, செண்டை, சினிமா எல்லாம் அப்புறம். முதல் குற்றவாளி நம் கைக்கடிகாரம்.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. வெட்டவெளிக்கென்றே பிறந்த வாத்தியம் இது. நாலு வீதிக்கும் கேட்கும். இதைக் கொண்டுபோய் ஏசி மண்டபத்தில் அடைத்து, நாகசுரத்தின் அடி வாயான அணைசுக்கு முன்னால் மைக்கை நட்டு, தவிலுக்கு ரெண்டு பக்கமும் மைக் வைத்து, தகரக் கூரை அதிர விட்டால் குழந்தை காதைப் பொத்தாமல் என்ன செய்யும்? அப்புறம் "மேளம் இரைச்சல்" என்று பெயர். குட்டையான, சுருதி கூடின திமிரி நாகசுரத்தை விட்டுவிட்டு, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்த நீளமான பாரி நாகசுரத்தை ராஜரத்தினம் பிள்ளை எடுத்ததே, கூர்மை குறைந்து கனமும் குழைவும் வேண்டும் என்றுதான். அந்தக் குழைவை மைக் வைத்துக் கொல்கிறோம்.

உங்கள் ஊரில் எப்படி? சொல்லுங்கள்.

ஆனைமலை அழகன் | ஞாயிறு, இரவு 10:15

ஐயா, செண்டையை வில்லன் ஆக்கிட்டீங்க. எங்க ஊர் பாலக்காட்டுக்குப் பக்கம். சின்ன வயசிலிருந்து ரெண்டும் கேட்டு வளர்ந்தவன். நீங்க மண்டப வாசல்ல பார்த்தது சிங்காரி மேளம். ஆடிக்கிட்டே அடிக்கிறது, கல்யாணம், கடைத் திறப்பு, கட்சி ஊர்வலம்னு எல்லாத்துக்கும் வரும். அதை வச்சு செண்டையை எடை போடாதீங்க.

கோயில்ல அடிக்கிற பஞ்சாரி மேளம் ஒரு தடவை முழுசா கேளுங்க. முதல் காலம், அதாவது ரொம்ப மெதுவான கட்டம், தாளத்துக்கு 96 அட்சரம். அதிலிருந்து பாதி பாதியா 48, 24, 12, கடைசியில 6. அந்த முதல் காலத்தை எவ்வளவு மெதுவா நகர்த்துவாங்க தெரியுமா? தெரியாதவனுக்குக் கொட்டாவி வரும். தெரிஞ்சவன் கையைத் தூக்கிக் காத்துல தாளம் போட்டுக்கிட்டு நிப்பான். திருச்சூர் பூரத்துல வடக்குந்நாதன் கோயிலுக்குள்ள இலஞ்சித்தற மேளம், அது பாண்டி மேளம்னு இன்னொரு வகை, ரெண்டு மணி நேரத்துக்கு மேல போகும். நடுவுல எந்தக் கேமராக்காரனும் போய் "நிறுத்துங்க சேட்டா"ன்னு சொல்ல முடியாது. சொன்னா முழுசா திரும்ப மாட்டான்.

அதனால உங்க பேச்சுக்கு நான் எதிர்க்கட்சி இல்லை. அவங்க ஊர்ல அந்த வாத்தியத்துக்கு நேரம் இருக்கு. நம்ம ஊருக்கு வந்தா அதுக்கும் பத்தே நிமிஷம்தான்.

நடுநிலை நாராயணன் | ஞாயிறு, இரவு 10:31

பழசெல்லாம் பொன், புதுசெல்லாம் தகரம். வருஷத்துக்கு ஒரு தடவை இந்த இழை வந்துடுது. காலம் மாறுது சார். விரும்பினா கேளுங்க, இல்லாட்டி யூடியூப் இருக்கு.

தவில்வீட்டுப் பிள்ளை | ஞாயிறு, இரவு 11:20

நாராயணன் சார், யூடியூப்ல கேட்டா எங்க அப்பாவுக்குச் சோறு வராது. அதனால கொஞ்சம் பொறுங்க.

அப்பா தவில், தாத்தா தவில், பெரியப்பா நாகசுரம். நான் கூட்டுறவு வங்கியில கிளார்க். அதுலேயே கதை முடிஞ்சுது. காவேரிக்கரையான் ஐயா எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். அப்பா சிரிச்சார். "நேரம் கொடுக்கலைன்னு இவர் இப்பதான் கண்டுபிடிச்சாராக்கும்" என்றார்.

நேரத்தோட கொஞ்சம் காசையும் பேசுவோம். ஆடியில முகூர்த்தம் இல்லை. புரட்டாசியில இல்லை. மார்கழியில இல்லை. மிச்ச மாசத்துல கல்யாணம் எல்லாம் ஒரே நாள்ல குவியும், அன்னைக்கு ஒரு செட்டு ஒரு மண்டபத்துலதான் வாசிக்க முடியும். போன வைகாசியில ஒரு வீட்டுல செண்டைக்குக் கொடுத்ததுல பாதிகூட எங்க செட்டுக்குப் பேசலை. அதையும் அஞ்சு பேர் பிரிக்கணும், வேன் வாடகை போக. கோயில் உத்தியோகம் இருந்தா கொஞ்சம் நிம்மதி. ஆனா பல கோயில்ல இப்ப கரண்டு மேளம் வந்துடுச்சு. சுவிட்சைப் போட்டா மோட்டார் சுத்தும், மணியும் முரசும் தானா அடிச்சுக்கும். தீபாராதனைக்கு அது போதும்னு ஆயிடுச்சு. அதுக்கு ராத்திரி ராகம் நீலாம்பரியும் தெரியாது, விடியக்காலை ராகம் பூபாளமும் தெரியாது. காலையில அடிக்கிறதும் அர்த்தஜாமத்துக்கு அடிக்கிறதும் ஒண்ணேதான்.

இன்னொன்னு. இதை எழுதலாமான்னு யோசிச்சேன், எழுதிடறேன். மரியாதை. கானாடுகாத்தான்ல நாகசுர வித்துவான் மதுரை சிவக்கொழுந்து தோள்ல துண்டு போட்டு வாசிச்சதுக்கு எடுக்கச் சொல்லித் தகராறு பண்ணினதும், சுயமரியாதை இயக்கத்து பட்டுக்கோட்டை அழகிரி குறுக்கே நின்னு "எடுக்காதே, வாசி"ன்னு சொன்னதும் எங்க வீட்டுல எல்லாருக்கும் பாடம். ராஜரத்தினம் பிள்ளை கிராப் வெட்டி, ஷெர்வானி போட்டு, கார்ல வந்து இறங்கினதைத் திமிர்னு சொன்னாங்க. எங்க தாத்தா அதைக் கொண்டாடினார். இப்ப துண்டை யாரும் எடுக்கச் சொல்றதில்லை, உண்மை. ஆனா மண்டபத்துல எங்களுக்குன்னு ஒரு அறை கிடையாது. செண்டைக்காரங்களுக்கும் கிடையாது, அதையும் சொல்லிடறேன். துணி மாத்துறது வேன்ல. எத்தனை மணிக்குச் சாப்பாடுன்னு யாரும் சொல்றதில்லை. முகூர்த்தம் முடிஞ்சு வாத்தியத்தை உறையில போட்டுக்கிட்டு இருக்கும்போது "சீக்கிரம் எடத்தைக் காலி பண்ணுங்க, ஸ்டேஜ் டெக்கரேஷன் மாத்தணும்"னு சொல்லுவாங்க.

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022ல புவிசார் குறியீடு கிடைச்சுது, பேப்பர்ல எல்லாம் போட்டாங்க. சந்தோஷம்தான். நாகசுரம் செய்யற ஆச்சா மரத்தைப் பழைய வீட்டு உத்தரத்துலயும் தூண்லயும் தேடிப் பிடிச்சுக் கடையுறாங்க. கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்திச் சீவாளி கட்டுறாங்க. எல்லாம் சரி. வாங்கி வாசிக்கிறவன் வீட்டுப் பையன் வங்கியில டோக்கன் கொடுத்துக்கிட்டு இருக்கான்.

அளவெட்டிப் பெடியன் | திங்கள், காலை 6:05

வணக்கம். நான் இப்ப கனடாவில. ஒவ்வொரு வருஷமும் திருவிழாவுக்கு ஊருக்குப் போறனான்.

ஐயா சொல்லுற மாதிரி நேரந்தான் பிரச்சினை எண்டால், எங்கட ஊரில பிரச்சினையே இருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில திருவிழா எண்டால் மேளந்தான் முதல். அண்டைய உபயகாரர் ஆரோ அவர் தன்ர திருவிழா பக்கத்து வீட்டுக்காரன்ர திருவிழாவை விடத் திறமா இருக்கோணும் எண்டு ரெண்டு மூண்டு கூட்டம் பிடிப்பார். இந்தியாவில இருந்தும் கூப்பிடுவினம். இரவிரவா நடக்கும். சனம் மணலில குந்தி இருந்து கேக்கும். தவிலெண்டால் எங்களுக்கு உயிர். தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975ல போயிட்டார், இண்டைக்கும் பெடியள் அவற்ற தனி ஆவர்த்தனத்தை போனில வைச்சுக் கேக்கிறாங்கள்.

ஆனா நடக்கிறது என்ன தெரியுமே? நாதஸ்வரக்காரர் ஆலாபனை தொடங்கினால் பாதிச் சனம் கச்சான், உங்கட வேர்க்கடலை, வாங்கப் போயிடும். தவில் தனி தொடங்கினால் ஓடி வரும். போன் எல்லாம் மேல எழும்பும். வேகமா அடிச்சால் விசில். நடுச்சாமத்துக்குப் பிறகு துண்டு எழுதிக் குடுப்பினம், எல்லாம் சினிமாப் பாட்டு. நேரம் ஆறு மணித்தியாலம் இருந்தாலும் அதில ராகத்துக்கு அரை மணித்தியாலந்தான். வித்துவான்மாரும் பாவம், என்ன செய்யிறது? கைதட்டு எங்க விழுகுதோ அங்கதான் கை போகும்.

எங்களுக்கு நேரம் இருக்கு. காதுதான் போயிட்டுது. கோவிக்காதேங்கோ ஐயா.

மோகனம் | திங்கள், பிற்பகல் 1:48

எல்லாருக்கும் வணக்கம். திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் நாகசுரம் படிக்கிறேன். ஆமாம், பெண். ஆமாம், மூச்சு பத்தும். இந்த ரெண்டு கேள்வியையும் முதலிலேயே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எங்கே போனாலும் முதல் அரை மணி அதிலேயே போய்விடுகிறது. காலீஷாபீ அம்மா எத்தனையோ வருஷமாக மேடையில் வாசிக்கிறார்கள், கணவர் மகபூப் சுபானியோடு சேர்த்து 2020ல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். இன்னும் என்னிடம் "பொண்ணு இதை ஊதலாமா" என்கிறார்கள்.

ஐயா எழுதியது அழகாக இருந்தது. ஆனால் மூன்று இடத்தில் எனக்கு மறுப்பு.

நேரம் இல்லாவிட்டால் ராகம் இல்லை என்கிறீர்கள். ராஜரத்தினம் பிள்ளை தோடி என்று நாடே உருகியதே, பாதிப் பேர் கேட்டது இசைத்தட்டில்தானே? அந்தக் காலத்துத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் ஓடும். அதற்குள் தோடி முழுசாக இருக்கிறது. அப்படியென்றால் பத்து நிமிஷம் எனக்குக் கொஞ்சமா?

அடுத்து சினிமாப் பாட்டு. 1962ல் காருகுறிச்சி ஐயாவின் நாகசுரம் "கொஞ்சும் சலங்கை"யில் ஜானகி அம்மா குரலோடு சேர்ந்து வந்தது சினிமாவுக்குத்தான். ஆபேரி என்றால் இன்றைக்கும் ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பாட்டுதான். "தில்லானா மோகனாம்பாள்" இல்லாவிட்டால் நாகசுரத்தை எப்படிப் பிடிப்பார்கள் என்றுகூட நிறைய பேருக்குத் தெரிந்திருக்காது. அதில் உண்மையில் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கதை. கல்யாணத்தில் நான் ஒரு புதுப் படப் பாட்டை வாசித்து, அதே ராகத்தில் அப்படியே நழுவி ஒரு கீர்த்தனைக்குப் போவேன். யாரும் கண்டுபிடிப்பதில்லை. அது எனக்குக் கிடைக்கும் குட்டி சந்தோஷம்.

மூன்றாவது, கேட்கத் தயக்கமாக இருக்கிறது, பெரியவர் நீங்கள். அன்றைக்கு செண்டை முடிந்த பிறகு அந்த வித்துவான் மறுபடி வாசித்திருப்பார் இல்லையா? நீங்கள் உட்கார்ந்து கேட்டீர்களா?

மண்டபம் மேனேஜர் | திங்கள், மாலை 5:10

எங்களையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. காலையில 11 மணிக்கு மண்டபம் காலியாகணும், மதியத்துலேருந்து அடுத்த பார்ட்டி. அதிகாலை முகூர்த்தம்னா மணமேடையில வீடியோ, போட்டோ, ட்ரோன், பூ, மந்திரம், எல்லாம் ஒண்ணரை மணி நேரத்துல முடியணும். இதுல ஆலாபனைக்கு எங்கே இடம்? கெட்டிமேளம் சொன்னா கெட்டிமேளம், அவ்வளவுதான் கஸ்டமர் எதிர்பார்க்கறது. இப்ப சில பேர் செட்டே வேண்டாம், கெட்டிமேளத்தைப் பென் டிரைவ்ல போடுங்கன்னு கேக்கறாங்க. போட்டிருக்கோம். ஒரு தடவை தாலி கட்டுற நேரத்துல ஆபரேட்டர் வேற ஃபைலைத் தட்டி, பர்த்டே பாட்டு வந்துடுச்சு.

ஆனைமலை அழகன் | திங்கள், மாலை 5:22

மேனேஜர் சார், சிரிச்சு சிரிச்சு டீ மேல கொட்டிடுச்சு.

காவேரிக்கரையான் | திங்கள், இரவு 10:05

அம்மா மோகனம், நியாயமான கேள்வி. காலையிலிருந்து இதற்கு என்ன எழுதுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை.

கேட்கவில்லை. செண்டை முடிந்ததும் "அத்திம்பேர், ரெண்டாவது பந்தி ஆரம்பிச்சாச்சு, உங்களுக்கு சுகர், நேரத்துக்குச் சாப்பிடணும்" என்று மச்சினர் கையைப் பிடித்து அழைத்தார். போய்விட்டேன். டைனிங் ஹால் கீழ்த்தளத்தில். எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சல். மேலே தவில் அடிப்பது மட்டும் கூரை வழியாகத் தும் தும் என்று கேட்டது. அவர் விட்ட இடத்திலிருந்து கேதாரகௌளையைத் தொடர்ந்தாரா, வேறு எதையாவது எடுத்தாரா, எனக்குத் தெரியாது. சாப்பிட்டு மேலே வந்தபோது லைட் மியூசிக் காரர்கள் கீபோர்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெரியவரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கைக்கடிகாரம் என்று எழுதினேனே, அது என் கையில்தான் இருந்தது.

மூன்று நிமிஷத் தோடிக்கு மட்டும் பதில் வைத்திருக்கிறேன், அதை விட மாட்டேன். விடிய விடிய வாசித்துப் பழகிய மனுஷன் மூன்று நிமிஷத்துக்குச் சுருக்கியது அது. எங்கே எதை விடலாம் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் விடாமல் வாசித்த இரவுகள் அவர் கணக்கில் எத்தனையோ. பத்து நிமிஷத்தையே பார்த்து வளர்கிற பிள்ளைக்கு எதைச் சுருக்குவது என்று எப்படித் தெரியும்? உனக்குச் சேர்த்துத்தான் கேட்கிறேன்: எங்கேயாவது, யார் முன்னாலாவது, ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் வாசித்திருக்கிறாயா? கோபமாகக் கேட்கவில்லை.

அளவெட்டித் தம்பி, காது போய்விட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காதும் மணலில் உட்கார்ந்துதானே வந்தது? எனக்கு மூன்று வயசில் யாரும் ராகம் சொல்லித் தரவில்லை. அப்பா மடியில் தூங்கிப்போனேன், முழிப்பு வந்தபோதும் அதே ராகம் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் பாடம்.

மோகனம் | திங்கள், இரவு 10:50

ஒரு மணி நேரமா? இல்லை ஐயா. தேர்வில் பதினைந்து நிமிஷம். வீட்டில் மாடியில் வாசித்தால் நாற்பது நிமிஷத்தில் பக்கத்து வீட்டு அக்கா "படிக்கிற பிள்ளைங்க இருக்காங்க" என்று சொல்லிவிடுவார். அதனால் காவேரிப் படித்துறைக்குப் போய் வாசிப்பேன். கேட்பது துணி துவைக்கிறவர்களும் ஒரு நாயும். அந்த நாய் எழுந்து போனதே இல்லை.

நீங்கள் உண்மையைச் சொன்னது எனக்கு என்னவோ செய்துவிட்டது. சினிமாப் பாட்டு விஷயத்தில் மட்டும் நான் மாறவில்லை.

நடுநிலை நாராயணன் | செவ்வாய், காலை 8:15

சரி, நானும் ஒண்ணு ஒத்துக்கறேன். நேத்து ராத்திரி இதைப் படிச்சுட்டு சின்ன மௌலானா ஒண்ணு தேடிப் போட்டேன். முப்பத்தி எட்டு நிமிஷம். பத்தாவது நிமிஷத்துல நிறுத்தலாம்னு கை போச்சு. நிறுத்தலை. என்ன ராகம்னு கேட்டுடாதீங்க.

தவில்வீட்டுப் பிள்ளை | செவ்வாய், இரவு 9:30

மௌலானா ஆந்திராவில கரவதியிலேருந்து தஞ்சாவூர் பாணி கத்துக்கணும்னே வந்து, நாச்சியார்கோயில்ல படிச்சு, ஸ்ரீரங்கத்துலயே தங்கினவர். நாராயணன் சார் வீட்டுலேருந்து போன் வரைக்கும்தான் போகணும். போயிட்டார், வாழ்த்துகள்.

அப்பாகிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். படித்துறை நாய் வரைக்கும். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் கேட்டார், "அந்தப் பொண்ணு என்ன சுருதி வாசிக்குது?"

விஷயம் இதுதான். எங்க ஊர் மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழா, ஆறாம் நாள் மண்டகப்படி எங்க பெரியப்பா குடும்பத்தோடது. அன்னைக்குச் செண்டை, டிஜே எதுவும் கிடையாது, எங்க வீட்டு மேளம்தான். வடக்கு வீதி மூலையில பழைய வழக்கப்படி சாமியை இறக்கி வைக்கலாம்னு பெரியப்பா சொல்றார். பூசாரி முணுமுணுப்பார், அதை நான் பார்த்துக்கறேன். மோகனம், அப்பா அம்மாவையும் அழைச்சுக்கிட்டு வாங்க. பெரியப்பா முதல்ல வாசிப்பார், அப்புறம் நீங்க. தவில் அப்பா. எவ்வளவு நேரம்னு யாரும் கேக்க மாட்டாங்க.

மோகனம் | செவ்வாய், இரவு 9:41

ரெண்டரைக் கட்டை. அப்பாவிடம் சொல்லுங்கள். எனக்கு இப்போதே கை நடுங்குகிறது.

அளவெட்டிப் பெடியன் | செவ்வாய், இரவு 9:58

ஆராவது நேரலை போடுங்கோ. தவில் தனியை மட்டும் இல்லை, ஆலாபனையையும் சேர்த்து. நான் கச்சான் முதலே வாங்கி வைச்சிட்டு இருக்கிறன்.

காவேரிக்கரையான் | புதன், காலை 5:20

புறப்பாடு எத்தனை மணிக்கு, தம்பி?

தவில்வீட்டுப் பிள்ளை | புதன், காலை 9:05

நோட்டீஸ்ல ஒன்பதுன்னு போட்டிருக்கு ஐயா. எப்படியும் பத்தரை ஆகும். சுகர்னு சொன்னீங்க, அதனால எங்க வீட்டுலேயே எட்டு மணிக்குச் சாப்பிட்டுடுங்க. உக்கார ஒரு துண்டு கொண்டு வாங்க, மண் ஈரமா இருக்கும். கொசுவத்தி நான் எடுத்துட்டு வரேன்.